வெயிலா குற்றவாளி?

2025 ஆம் ஆண்டு பெப்ரவரி 9 ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, முற்பகல் பதினொரு மணி கடந்து சிறிது நேரத்தில் இலங்கை முழுவதிலும் மின்சாரம் அற்றுப்போயிற்று. பாணந்துறை உப மின்நிலையத்திலே குரங்கொன்று நிலைமாற்றியோடு தொடுகையுற்றதே காரணம் என்று அமைச்சர் சொன்னார். அவ்வளவுதான், நாடெங்கும் பகடி பெருகிற்று. அன்று இலங்கையை எரித்ததும் குரங்கு, இன்று இருட்டாக்கியதும் குரங்கு என்று சொல்லாத தமிழன் இல்லை. இராமாயணக் குரங்குக்காவது தன் வாலிலே தீ வைத்தவர் யாரென்று தெரிந்திருந்தது. பாணந்துறைக் குரங்குக்கு அதுவும் தெரிய வாய்ப்பில்லாது போயிற்று.

சிரித்து ஓய்ந்ததும் இரண்டாவது குற்றவாளியைக் கூண்டில் ஏற்றினார்கள். இம்முறை சூரியன். அன்று ஞாயிறு, தொழிற்சாலைகளும் அலுவலகங்களும் மூடிக் கிடந்தன, மின் தேவை குறைந்திருந்தது, கூரைகளிலிருந்து வந்த சூரிய மின்சாரமோ மிகுந்திருந்தது, சுழலும் பெரிய இயந்திரங்களின் பங்கு சுருங்கி, மின்வலையமைப்பின் சடத்துவம் குன்றியிருந்தது, ஆகவே ஓரிடத்து அதிர்ச்சியை நாடு தாங்க இயலாது வீழ்ந்தது என்று மின்சார சபை விளக்கம் தந்தது. நுரைச்சோலையின் மூன்று இயந்திரங்களும் நின்றுபோனமையால், 10 ஆம், 11 ஆம் திகதிகளிலும் ஒன்றரை மணி நேர மின்வெட்டை நாம் அனுபவித்தோம். இரண்டு மாதங்கள் சென்று சித்திரைப் புத்தாண்டு விடுமுறை வந்தபோது, கூரைச் சூரியத் தொகுதி வைத்திருப்போர் நாள்தோறும் பிற்பகல் 3 மணி வரை அவற்றை நிறுத்தி வைக்கவேண்டும் என்ற வேண்டுகோளும் வெளிவந்தது. "சூரியப் போர்" என்று பெயர் சூட்டிப் படை திரட்டிய நாட்டிலே, ஒன்பதாவது ஆண்டில் படைவீரருக்குக் கிடைத்த கட்டளை ஆயுதத்தைக் கீழே போடு என்பது!

இந்த விளக்கம் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. அதிலே சொல்லப்பட்ட பௌதிகம் சரியானதே. ஆனால், சொல்லாது விடப்பட்டது ஒன்று உண்டு. சூரியன் தானாக வந்து மின்கம்பியிலே ஏறுவதில்லை. கூரைக்கும் கம்பிக்கும் இடையிலே, வீட்டுச் சுவரில், ஒரு பெட்டி தொங்குகின்றது. இன்வேர்ட்டர் என்பது அதன் பெயர். மின்வலையமைப்பு தடுமாறும்போது அந்தப் பெட்டி தாங்கி நிற்குமா, ஓடி ஒளியுமா என்பதைச் சூரியன் தீர்மானிப்பதில்லை. அதைத் தீர்மானிப்பது மனிதர் எழுதிய விதி. அந்த விதியை யார் எழுதினார்கள், எதற்காக எழுதினார்கள், எழுதாது விட்டவர்கள் யார் என்பதே கேட்கவேண்டிய கேள்வி.

அன்றைய நாள் எங்கள் ஒழுங்கையிலும் மின்சாரம் இல்லை. எதிர்வீட்டில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இருக்கிறார். சேவைக்கால முடிவில் கிடைத்த பணத்திலே கூரை நிறையச் சூரியத் தகடு போட்டவர். நண்பகல் வெயிலிலே படலையடியில் நின்று என்னை மறித்தார்.

"தம்பி, வெயில் என்ரை கூரையிலை. தகடு என்ரை காசிலை வாங்கினது. பிறகேன் என்ரை விசிறி சுத்தாமல் நிக்குது?"

"ரீச்சர், லைனிலை கறண்ட் வந்தால்தான் உங்கடை பெட்டி வேலை செய்யும்" என்றேன்.

"அப்ப நான் வாங்கினது என்ன?"

நல்ல கேள்வி. 2022 ஆம் ஆண்டிலே டீசலும் இன்றி, அதை வாங்க டொலரும் இன்றி, நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்வெட்டு நீண்டபோதும், ஆயிரக்கணக்கான சூரியக் கூரைகளின் கீழே மக்கள் இதே கேள்வியோடு வியர்த்துக் கொண்டிருந்தார்கள். அவர்களுக்குத் தகட்டை விற்றவர்கள் இதை முன்கூட்டிச் சொன்னார்களா? மாதப் பட்டியல் பூச்சியமாகும் என்று சொன்னார்கள். ஐந்தாறு வருடத்திலே போட்ட முதல் திரும்பும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார்கள். மின்வெட்டு வேளையிலே உங்கள் வீடும் இருளும் என்பதைச் சொன்னவர் அரிது.

ரீச்சரின் கேள்விக்கு விடை காணப் பெட்டியின் தொழிலைச் சற்று அறிந்துகொள்ள வேண்டும். சூரியத் தகடு தருவது நேரோட்டம். பற்றரியிலிருந்து வருவதுபோல ஒரே திசையிலே பாயும் மின். நம் வீடுகளுக்கும் ஆலைகளுக்கும் வருவதோ ஆடலோட்டம். விநாடிக்கு ஐம்பது தடவை அலைபோல் ஏறி இறங்குவது. ஒன்றை மற்றொன்றாக மாற்றுவதே இன்வேர்ட்டரின் முதல் வேலை. அதனுள்ளே அசையும் சக்கரம் எதுவுமில்லை. குறைகடத்தியாலான ஆளிகள் விநாடிக்குப் பல்லாயிரம் தடவை திறந்து மூடி, நேரோட்டத்தைத் துண்டு துண்டாக நறுக்குகின்றன. துண்டுகளின் அகலத்தைக் கூட்டியும் குறைத்தும் சீரான அலையொன்று சமைக்கப்படுகின்றது. முகில் மறைத்தாலும் வெயில் ஏறினாலும் அந்தந்தக் கணத்திலே தகட்டிலிருந்து எடுக்கக்கூடிய அதி உச்ச வலுவைத் தேடிப் பிடிப்பதும் அதன் வேலையே. தகடு வெறும் வயல். விளைச்சலை அறுத்துத் தூற்றிச் சந்தைக்கு ஏற்ற வடிவிலே கொண்டுவருவது இந்தப் பெட்டி. தகடு இருபத்தைந்து ஆண்டு உழைக்கும் என்கிறார்கள். பெட்டி பத்துப் பதினைந்து ஆண்டுகளிலே களைத்துவிடும். அதற்கிடையில் ஒரு தடவையாவது புதிதாக வாங்கவேண்டி வரும் என்பதையும் விற்பவர் கணக்கிலே காண்பது அருமை.

ஆயினும், வீட்டுக் கூரைகளிலே நாம் பொருத்தியிருக்கும் பெட்டிகளில் மிகப் பெரும்பாலானவை சுயமாக அலை சமைப்பன அல்ல. மின்வலையமைப்பிலே ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் அலையைக் காதுகொடுத்துக் கேட்டு, அதனோடு தாளம் சேர்த்துப் பாடுபவை. பின்பாட்டுக்காரர் என்று சொன்னால் எளிதில் விளங்கும். முன்பாட்டு நின்றால் பின்பாட்டும் நின்றுவிட வேண்டும். இது இயந்திரத்தின் இயலாமை மட்டுமன்று. வேண்டுமென்றே அவ்வாறு விதித்துள்ளார்கள். அந்த விதிக்கு ஒரு மனிதன் காரணமாக நிற்கிறான் என்பதை ரீச்சரும் அவரைப்போல் கோபப்படும் அனைவரும் அறியவேண்டும்.

அவன் மின்கம்பத்திலே ஏறும் தொழிலாளி. புயலிலே கம்பி அறுந்தால், மழையோடு மழையாக வந்து ஏணி வைத்து ஏறுபவன் அவனே. மின்நிலையத்திலே இணைப்பைத் துண்டித்து, கம்பியில் மின் இல்லை என்று நம்பிக் கைவைக்கிறான். அந்த வேளையிலே ஒழுங்கையின் ஓரத்து வீட்டிலிருந்து ஒரு பெட்டி சூரிய மின்சாரத்தைக் கம்பிக்குள் தள்ளிக்கொண்டிருந்தால் அவன் கதி என்ன? ஆகவேதான் கம்பி செத்தால் பெட்டியும் உடனே அடங்கவேண்டும் என்று உலகெங்கும் விதி செய்தார்கள். "என் மின்சாரம், என் உரிமை" என்று முழங்கி, விதியை மீறிக் களவாகப் பெட்டியைத் திருப்பிவைக்க வழி கேட்கும் கனவான்கள் சிலரை நான் அறிவேன். அந்த உரிமையின் மறுமுனையில் ஒருவன் கம்பத்திலே நிற்கிறான் என்று அவர்களிடம் சொல்லியாக வேண்டியிருக்கிறது.

தொழிலாளியின் உயிரும் ரீச்சரின் விசிறியும் ஒன்றோடொன்று பகையா என்றால், இல்லை. வீட்டைக் கம்பியிலிருந்து முதலில் முற்றாகப் பிரித்துவிட்டு, பிறகு வீட்டுக்குள் மட்டும் மின் கொடுக்கும் பெட்டிகளும் உண்டு. பற்றரி வேண்டும், பிரிக்கும் ஆளி வேண்டும், விலை கூடும். "நெட் மீற்றர்" வந்த நாளிலிருந்து நமக்கு விற்கப்பட்டதோ இவற்றுள் மலிவானது. ரீச்சர் வாங்கியது மின்நிலையம் என்று நினைத்தார். உண்மையில் அவர் வாங்கியது மின்சார சபைக்கு அலகு விற்கும் ஒரு குத்தகை.

இனி, சடத்துவம் என்ற பெரிய குற்றச்சாட்டுக்கு வருவோம்.

நுரைச்சோலையிலும் லக்ஷபானவிலும் மின்சாரம் தருவது சுழலும் இரும்பு. நீராவி விசையாழி ஒன்று நிமிடத்துக்கு மூவாயிரம் தடவை சுழல்கின்றது. பல தொன் எடை. எங்கோ ஒரு மின்நிலையம் திடீரென நின்றால், அந்தக் குறையை முதற்கணத்திலே நிரப்புவது புதிதாக எரித்த நிலக்கரியன்று. சுழலும் இரும்பு தன் வேகத்தைச் சற்றே இழந்து, தன்னுள் தேங்கிய சக்தியைக் கொடுக்கின்றது. ஓடும் வண்டியிலே பெற்றோல் தீர்ந்தாலும் சிறிது தூரம் ஓடுவதுபோல. அந்தச் சில விநாடிக்குள் ஏனைய இயந்திரங்கள் விழித்துக்கொள்கின்றன. இரும்புக்கு யாரும் கட்டளை இடுவதில்லை. அதன் இயல்பே அது. இன்வேர்ட்டருக்குள் இரும்பு இல்லை. ஆகவே சூரியன் பெருகி இரும்பு சுருங்கும் நண்பகலிலே, வீழ்ச்சி விரைவாக நிகழ்கின்றது. மீடிறன் சடுதியாக இறங்குகின்றது. காப்பு ஏற்பாடுகள் ஒன்றையடுத்து ஒன்றாக இணைப்பைத் துண்டிக்கின்றன.

இவ்வளவும் சரி. எனினும், இரும்பு இயல்பாகச் செய்ததைப் பெட்டி கட்டளைப்படிதான் செய்யும் என்றால், கட்டளை எங்கே? பெட்டி கீழ்ப்படிவுள்ள வேலையாள். ஓடு என்றால் ஓடும். நில் என்றால் நிற்கும். நாம் அதற்குச் சொல்லிக்கொடுத்தது ஓடுவதை மட்டும். ஓடியபின் கோழை என்று ஏசுகிறோம்.

இந்தப் பிழையை முதலிலே செய்தவர் நாமல்ல என்பதிலே ஒரு ஆறுதல் உண்டு. ஆறுதல் வெட்கமாகவும் மாறலாம். ஜேர்மனியிலே சூரியக் கூரைகள் குறைவாக இருந்த காலத்தில், மீடிறன் 50.2 ஹேட்ஸைத் தாண்டினால் எல்லாப் பெட்டிகளும் உடனே விலகவேண்டும் என்று விதி எழுதினார்கள். ஒருசில பெட்டிகள் விலகினால் நட்டமில்லை. ஆண்டுகள் சென்றன, கூரைகள் இலட்சக் கணக்காயின. அப்போதுதான் பொறியியலாளர் கணக்குப் பார்த்துத் திடுக்கிட்டனர். ஒரு வெயில் நாளிலே மீடிறன் அந்த இலக்கத்தைத் தொட்டால், பல்லாயிரம் மெகாவாற் ஒரே நொடியில் மறைந்துவிடும். ஐரோப்பிய வலையமைப்பு முழுவதுமே தாங்குவதற்கென ஆயத்தமாயிருந்தது 3,000 மெகாவாற் இழப்பையே. 2012 ஆம் ஆண்டு சட்டம் இயற்றி, மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட தொகுதிகளைத் தேடிச்சென்று திருத்தினார்கள். எல்லாம் ஒரே இலக்கத்தில் ஓடாமல், படிப்படியாக விலகும்படி மாற்றினார்கள். செலவு சூரியக் கூரை இல்லாதவனின் பட்டியலிலும் ஏறிற்று. விதியெழுதும் மேசையிலே ஒரு மணி நேரம் சிந்தித்திருந்தால் மிஞ்சியிருக்கக்கூடிய பணம் அது.

2016 ஆகஸ்ற் 16 ஆம் திகதி கலிபோர்ணியாவிலே காட்டுத்தீயின் புகையும் வெப்பமும் உயரழுத்தக் கம்பிகளைத் தாக்கின. கம்பியிலே நேர்ந்த கோளாறு நொடிப்பொழுதில் நீங்கிவிட்டது. ஆனால் ஏறத்தாழ 1,200 மெகாவாற் சூரிய மின்சாரம் மறைந்தது. அலை ஒரு கணம் சிதைந்ததைப் பார்த்த பெட்டிகள் பல, மீடிறன் பாதாளத்துக்கு விழுந்துவிட்டதாகப் பிழையாகக் கணக்கிட்டு விலகிக்கொண்டன. மீடிறன் உண்மையிலே விழவே இல்லை! அவர்கள் சூரியனைப் பழிக்கவில்லை. எத்தனை நொடி பொறுத்திருந்து அளக்கவேண்டும் என்று பெட்டிக்குப் புதிய பாடம் கற்பித்தார்கள்.

2025 ஏப்ரல் 28 ஆம் திகதி ஸ்பெயினும் போர்த்துக்கலும் இருண்டன. நமது நாட்டு இருளின் பின் மூன்று மாதங்கூட ஆகவில்லை. அங்கும் உடனே எழுந்த குரல் சூரியனே குற்றவாளி என்பது. ஆராய்ந்தபோது தெரிந்தது வேறு. வோல்ற்றளவு கட்டுமீறி உயர்ந்ததே வீழ்ச்சியின் வழி. வோல்ற்றளவைக் கட்டுப்படுத்தப் பணம் பெற்ற பழைய பாணி மின்நிலையங்கள் சில அதை வேண்டிய அளவு செய்யவில்லை. சூரிய, காற்று நிலையங்களோ, அந்த வேலையைச் செய்யும் ஆற்றல் இருந்தும், செய்யவேண்டியதில்லை என்று விதியே சொல்லிவிட்டமையால் வாளாவிருந்தன. கையிலே வாளியோடு நின்றவனுக்கு, நீ தண்ணீர் ஊற்றலாகாது என்று முன்னரே உத்தரவு! அதே கோடையில் ஸ்பெயின் தன் விதியைத் திருத்த முற்பட்டது.

இப்போது நம் வீட்டுக்குத் திரும்புவோம். 2016 செப்டெம்பரிலே சூரியப் போர் தொடங்கியபோது, 2020 இல் 200 மெகாவாற், 2025 இல் 1,000 மெகாவாற் என்று இலக்கு வைத்தார்கள். இலக்கு தாண்டப்பட்டது; அந்த வகையிலே வெற்றியே. விலை எவ்வாறு வைத்தார்கள்? அலகொன்றுக்கு முதல் ஏழு ஆண்டு 22 ரூபா, பின்னர் 15.50. நெருக்கடிக்குப் பின் 37 ரூபாவாயிற்று. 2024 இல் 27 ஆக இறங்கிற்று. 2025 இல் இன்னும் குறைந்தது. ஒன்பது ஆண்டு விவாதமும் இந்த ஒரே இலக்கத்தைப் பற்றியது. அலகுக்கு எத்தனை ரூபா? அந்த அலகு எந்த மணியிலே வருகின்றது, தேவையிருக்கும்போதா இல்லாதபோதா, வலையமைப்பு தள்ளாடும்போது தோள் கொடுக்கின்றதா என்ற கேள்விகளுக்கு விலையும் இல்லை, தண்டமும் இல்லை. எண்ணெய்ச் செக்குக்கு எள்ளு வாங்குபவன்கூட உலர்ந்ததா ஈரமா என்று பார்த்து விலை சொல்வான். நாம் நண்பகல் ஞாயிற்றுக்கிழமை அலகையும் இரவு எட்டு மணி அலகையும் ஒரே தராசிலே நிறுத்து வாங்கினோம். பற்றரியிலே சேமித்து இரவின் உச்ச நேரத்தில் கொடுப்போருக்குக் கூடிய விலை என்ற யோசனை 2025 இல்தான் செயலுக்கு வரத் தொடங்கிற்று. நல்லது. ஆனால் அதுவும் அலகுக்கான விலையே. ஊழியத்துக்கான விலை இன்னும் பிறக்கவில்லை.

அந்த விலையை யார் பெற்றார்கள் என்றும் பார்க்கவேண்டும். கூரை வேண்டும்; கூரை போட முதலும் வேண்டும்; வங்கி கடன் தர உறுதியும் வேண்டும். மலையகத்து லயன் அறையிலே வாழ்பவனுக்குத் தன் தலைக்கு மேலுள்ள தகரம் தனதன்று. கொழும்புத் தொடர்மாடியில் வாடகைக்கு இருப்பவனுக்குக் கூரையே இல்லை. இவர்கள் வாங்கும் மின்சாரத்தின் விலையிலேதான் கூரையுடையோருக்குக் கொடுக்கப்படும் பணமும் அடங்குகின்றது. சூரிய மின்சாரம் நிலக்கரியையும் டீசலையும் மீதப்படுத்தும் வரையில் இந்தக் கணக்கு நாட்டுக்கு இலாபமே; அதை நான் மறுக்கவில்லை. ஆனால் நாடு இருண்டபோது, கூரையுடையவனும் இல்லாதவனும் ஒரே இருளிலே இருந்தார்கள். இலாபம் கூரைக்கு ஏற்பப் பங்கிடப்பட்டது; இருள் மாத்திரம் சமமாகப் பங்கிடப்பட்டது.

சித்திரை விடுமுறை வேண்டுகோளை எண்ணிப் பாருங்கள். மின்சாரம் மிகுந்தால் வலையமைப்பின் மீடிறனும் வோல்ற்றளவும் உயரும். உயர்வைக் கண்டு தானாகவே உற்பத்தியைப் படிப்படியாகக் குறைக்கும் ஆற்றல் இன்றைய இன்வேர்ட்டர்களிலே உண்டு. பற்றரி வேண்டாம், புதிய கம்பி வேண்டாம், உள்ளே சில இலக்கங்களை மாற்றினால் போதும். சிறு அதிர்ச்சி கண்டு விலகாமல் சில நொடி பொறுத்து நிற்கச் செய்வதும், வோல்ற்றளவைத் தாங்கச் செய்வதும் அவ்வாறே. கடமையின் பாதி இலவசம். அந்தப் பாதியை ஒவ்வொரு பெட்டியிடமும் கண்டிப்பாகக் கேட்டு, பொருத்திய பின் பரீட்சித்தும் பார்த்திருந்தால், விடுமுறைக்கு ஊர் செல்லும் மனிதரிடம் "தயவுசெய்து சுவரிலுள்ள ஆளியை அணைத்துவிட்டுப் போங்கள்" என்று கெஞ்சவேண்டி வந்திராது. விஞ்ஞான யுகத்திலே ஒரு நாட்டின் மீடிறன் பத்திரிகை விளம்பரத்தால் கட்டுப்படுத்தப்பட்டது!

என் நண்பர், மின்பொறியியலாளர், இந்த இடத்திலே குறுக்கிடுவார். "நீர் எழுத்தாளர், பெட்டியைப் புகழ்ந்து எழுதிவிடுவீர். இரும்பின் வேலை முழுவதையும் பெட்டி செய்யாது" என்பார். அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு, மறைக்கக் கூடாது. பின்பாட்டுப் பெட்டியைவிட மேலான இனம் ஒன்று இருக்கின்றது. தானே முன்பாட்டுப் பாடும் இனம் அது. வலையமைப்பின் அலையைத் தானே உருவாக்கி, இரும்புபோலவே நடந்துகொள்ளும். அவுஸ்திரேலியாவின் தென்மாநிலத்திலே ஹோர்ன்ஸ்டேலில் உள்ள பெரிய பற்றரி நிலையம் 2022 முதல் இவ்வாறு சடத்துவச் சேவை செய்கின்றது. ஆனால் கொடுப்பதற்குக் கையிருப்பு வேண்டும். பற்றரி இல்லாத பெட்டி வெறுங்கை வள்ளல். அன்றியும், கம்பியிலே குறுக்குச்சுற்று நேரும்போது சுழலும் இயந்திரம் தன் சாதாரண ஓட்டத்தைப்போல் பல மடங்கைச் சிறிது நேரம் பாய்ச்சும். காப்புக் கருவிகள் அதைக்கொண்டே குறையிருக்கும் இடத்தை அறியும். குறைகடத்தி ஆளியோ தன் அளவுக்குச் சற்று மேலே போனாலும் கருகிவிடும். ஆகவே எரிபொருளின்றி வெறுமனே சுழலும் இயந்திரங்கள் சிலவற்றையும் வைத்திருக்க வேண்டும் என்பார் நண்பர். வைத்திருப்போம். அது வாதத்தைக் கெடுப்பதில்லை. இரும்பு எத்தனை, பற்றரி எத்தனை, பெட்டிக்கு விதி என்ன என்று ஒருங்கே திட்டமிடுவதையே நானும் கேட்கிறேன். ஒன்பது ஆண்டு திட்டமிடாதிருந்துவிட்டு வெயிலை ஏசுவதையே மறுக்கிறேன்.

"ஏழை நாட்டுக்கு இதெல்லாம் எட்டாக்கனி" என்று இன்னொரு சாரார் சொல்வர். அவர்கள் குறிகட்டுவானிலே படகேறி எங்கள் தீவுப் பக்கம் வந்து பார்க்கட்டும். எழுவைதீவு சின்னஞ்சிறு தீவு. நாட்டின் மின்வலையமைப்பு கடல்தாண்டி அங்கே போனதில்லை. சூரியன், காற்று, பற்றரி, டீசல் நான்கையும் இணைத்த தொகுதி அங்கே சில ஆண்டுகளுக்கு முன்னரே அமைக்கப்பட்டது. இத்தகைய தொகுதியில் டீசல் இயந்திரம் ஓய்ந்திருக்கும் வேளையிலே, பற்றரியோடு இணைந்த இன்வேர்ட்டரே தீவின் அலையைச் சமைக்க வேண்டும். பின்தொடர வேறு அலை அங்கே இல்லை. நெடுந்தீவுக்கும் நயினாதீவுக்கும் அனலைதீவுக்கும் இதுபோன்ற தொகுதிகளுக்கென 2024 மார்ச்சிலே உடன்படிக்கை ஆயிற்று. மூன்று தீவுக்குமாக 1,700 கிலோவாற் சூரியன், 530 கிலோவாற் காற்று, 2,400 கிலோவாற்-மணி பற்றரி. முதலிலே சீன நிறுவனமொன்றுக்கென 2021 இல் முடிவாகி, அயலாரின் ஆட்சேபத்தால் கைவிடப்பட்டு, பிறகு இந்திய நன்கொடையாக மாறிய வேலை அது. வல்லரசுகள் இரண்டு எங்கள் பனங்கூடலுக்கு மேலாக முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்த அத்தனை காலமும், தீவு மக்களுக்கு டீசல் படகிலேதான் வந்தது. அது வேறு கதை. இன்னொரு கட்டுரைக்கு உரியது. இங்கே சொல்ல வந்தது ஒன்றே. மீன்பிடிகாரரின் தீவுக்குப் பொருத்த முடிந்த ஒரு கருவியைத் தலைநகரத்துப் பெரும் பண்டகசாலைகளின் கூரைகளுக்குக் கேட்க ஏன் தயங்கினார்கள்?

தயக்கத்தின் காரணம் எனக்கு விளங்காமலில்லை. ரீச்சரின் ஐந்து கிலோவாற் பெட்டிக்கு விதி போடுவது எளிது. ஐந்நூறு கிலோவாற் கூரை வைத்திருக்கும் ஆலை முதலாளிக்கும் இறக்குமதியாளருக்கும் "பற்றரியும் வை, தாங்கியும் நில்" என்றால் இலாபக் கணக்கு சுருங்கும். சுருங்கட்டுமே! வலையமைப்பு ஒரு பொதுத்தெரு. பார வண்டி ஓட்டுபவனுக்குத் தடுப்புக்கட்டை நன்றாயிருக்க வேண்டும் என்று விதிப்பது அவன் மேல் கொண்ட பகையாலா? பாரத்துக்கு ஏற்பவே கடமையும் வரவேண்டும். சிறு வீடுகளுக்கு இலவசமான பாதி போதும். பெரிய கூரைகள் முழுவதையும் சுமக்கட்டும்.

இன்னொன்றையும் சொல்லாது விட முடியாது. இந்தப் பெட்டிகளில் பெரும்பாலானவை இணையத்தோடு பேசுகின்றன. ரீச்சரின் கைத்தொலைபேசியிலே இன்று எத்தனை அலகு என்று காட்டுவது அதனால்தான். காட்டும் வழி ஏவும் வழியுமாகும். 2024 நவம்பரிலே அமெரிக்காவில், சீன உற்பத்தியாளர் ஒருவரின் இன்வேர்ட்டர்கள் பல, இந்த நாட்டிலே பாவிக்க அனுமதியில்லை என்ற வாசகத்தைக் காட்டிவிட்டு வேலைநிறுத்தம் செய்தன. போர் அன்று, சதி அன்று. வியாபார ஒப்பந்தத் தகராறு. சந்தைப் பிணக்கு ஒன்று, தொலைவிலிருந்து, காசு கொடுத்து வாங்கியவன் வீட்டுச் சுவரிலே கைவைத்துவிட்டது. நாம் பெட்டியையே செய்யாத நாடு. விதியையாவது நாம் எழுதி, திறவுகோலையாவது நம் பொது நிறுவனத்தின் கையிலே வைத்திராவிட்டால், நாளை நம் நண்பகல் மின்சாரத்தின் பெரும்பகுதி எவருடைய விரலசைவுக்குக் காத்திருக்கும்? மின்சாரத் துறையைக் கூறுபோட்டுப் பல கம்பனிகளாக்கும் ஏற்பாடுகளைப் பற்றி ஆதரித்தும் எதிர்த்தும் எத்தனையோ பேர் எழுதியாயிற்று. அந்தக் கூறுகளுள் எது இன்வேர்ட்டரின் விதிக்குப் பொறுப்பு, எது பரீட்சிக்கும், எது பதில் சொல்லும் என்று கேட்டவர்களை நான் அதிகம் காணவில்லை.

ரீச்சருக்கு இவ்வளவும் நான் ஒரே நாளில் சொல்லவில்லை. படலையடியிலும், நூல்நிலையம் போகும் வழியிலுமாகச் சிறிது சிறிதாகச் சொன்னேன். கணிதம் படிப்பித்தவர், விரைவாகப் பிடித்துக்கொண்டார். அண்மையிலே அவருடைய தங்கை வீட்டுக்கும் சூரியத் தகடு விற்க ஓர் இளைஞர் வந்திருந்தார். கழுத்துப்பட்டி கட்டி, வர்ணப் படங்களுள்ள ஏடொன்றை விரித்து, தகட்டின் பெருமைகளை ஒவ்வொன்றாக எடுத்துரைத்தாராம். ரீச்சர் எல்லாவற்றையும் கேட்டிருந்துவிட்டு, சுவர்ப்பெட்டியின் படத்திலே விரலை வைத்தார்.

"தம்பி, லைனிலை மீடிறன் கூடினால் இது என்ன செய்யும்? உடனே நிக்குமோ, மெல்ல மெல்லக் குறைக்குமோ?"

இளைஞர் ஏட்டை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தார்.

"மடம், இதுக்குப் பத்து வருஷ உத்தரவாதம் இருக்கு" என்றாராம்.